மாட்டிறைச்சிக்குப் பதிலாகத் தாவர பர்கர்: வன்னிச் சமையலறைக்கு அது எவ்வளவு பொருந்தும்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பத்தலைவி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிறைச்சி சமைப்பது வழக்கம். கணவருக்குக் கொலஸ்ரோல் கூடியிருப்பதால் இறைச்சியைக் குறைக்கும்படி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை, அசல் இறைச்சியைப் போலவே இருக்கும் தாவர பர்கர் அங்கே கிடைக்கிறது, உடம்புக்கும் சூழலுக்கும் நல்லது, வரும்போது கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். அது உண்மையில் நல்லதா, இங்கே வீட்டில் செய்ய முடியுமா, மச்சம் தொடாத மாமியாருக்கும் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஆசைக்கு ஒருமுறை சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கறியின் இடத்தில் வைப்பதற்குரிய பொருள் அதுவன்று என்பதே என் கருத்து. பர்கர் என்பது கொழுப்போடு சேர்த்து அரைத்த மாட்டிறைச்சியைத் தட்டையாகத் தட்டி, சூடான தட்டில் வாட்டி, பணிசுக்குள் வைத்து வாரத்தில் பல தடவை உண்ணும் நாடுகளின் உணவு. அந்தப் பழக்கத்தை விட முடியாதவர்களுக்காகவே தாவர பர்கர் உருவாக்கப்பட்டது. நாம் மாட்டிறைச்சியைக் கறியாகவும் பிரட்டலாகவும் சோற்றோடும் பாணோடும் சாப்பிடுகிறோம். ஆகவே, அங்கே எதை எதனோடு ஒப்பிட்டு நல்லது என்கிறார்கள் என்பதைப் பார்த்த பின்னரே அந்த ஒப்பீடு நமக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும்.

இத்தகைய பர்கர்களில் பெயர்பெற்றவை இரண்டு. ஈதன் பிறவுண் 2009 இல் தொடங்கிய பியொண்ட் மீற் நிறுவனத்தின் பர்கர் பட்டாணிப் புரதத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் சிவப்பு நிறம் பீற்றூட்டிலிருந்து வருகிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனப் பேராசிரியராக இருந்த பற்றிக் பிறவுண் 2011 இல் நிறுவிய இம்பொசிபிள் பூட்ஸ் நிறுவனத்தின் பர்கர் இப்போது சோயாப் புரதத்தால் செய்யப்படுகிறது. இரண்டு பர்கர்களும் 2016 இல் விற்பனைக்கு வந்தன. தொடக்கத்தில் இரண்டிலும் தேங்காயெண்ணெய் இருந்தது. பொருட்களைப் பிணைப்பதற்கு மெதைல் செலுலோசு என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். இதற்கு ஒரு விசித்திரமான குணம் இருக்கிறது: மற்றப் பசைகள் பலவும் சூட்டில் இளகும், இது சூடேறும்போது இறுகி, ஆறும்போது இளகும். தாச்சியில் போட்ட பர்கர் உதிராமல் நிற்பதும், வாயில் வைத்ததும் இறைச்சியைப் போலச் சாறு விட்டு நெகிழ்வதும் இதனால்தான்.

இம்பொசிபிள் பர்கரின் தனித்தன்மை ஹீம் என்ற பொருளில் இருக்கிறது. நமது இரத்தத்தின் ஈமோகுளோபினில் இரும்பைத் தாங்கி நிற்பதும் இதே ஹீம்தான். இறைச்சியைச் சூடாக்கும்போது எழும் அந்தத் தனி மணத்துக்கு இதுவே பெருங் காரணம். தாவரத்தில் ஹீம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் தங்கள் தோட்டத்திலேயே அதைப் பார்க்கலாம். பூக்கும் பருவத்துக் கௌபிச் செடியையோ கச்சான் செடியையோ வேரோடு மெதுவாகப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு, வேரில் மணிமணியாகத் திரண்டிருக்கும் முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். நன்றாக இயங்கும் முடிச்சானால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் பற்றீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஒட்சிசனை அளந்து கொடுக்கும், ஹீமைத் தாங்கிய லெக்ஈமோகுளோபின் என்ற புரதமே அந்தச் சிவப்பு. சோயாச் செடியின் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை ஒருவகை ஈஸ்ற்றில் புகுத்தி, தொட்டிகளில் வளர்த்து எடுக்கிறார்கள். மரபணு மாற்றம் சம்பந்தப்பட்டிருப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு நீண்டகாலம் அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 2019 இல் இதை நிறப்பொருளாகவும் பயன்படுத்த அனுமதித்தார்கள்; அதன் பின்னர்தான் பச்சையாக, பைக்கற்றில், கடைகளில் விற்க வழி பிறந்தது.

இனி உடல்நலம். 2019 ஆம் ஆண்டுச் செய்முறைப்படி 113 கிராம் எடையுள்ள ஓர் இம்பொசிபிள் பர்கரில் 19 கிராம் புரதமும் 14 கிராம் கொழுப்பும் இருந்தன. அந்தக் கொழுப்பில் 8 கிராம், இரத்தத்தில் கொலஸ்ரோலைக் கூட்டும் நிரம்பிய கொழுப்பு. உப்பிலுள்ள சோடியம் 370 மில்லிகிராம். அதே எடையுள்ள, ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புக் கலந்த அரைத்த மாட்டிறைச்சியில் புரதம் ஏறத்தாழ அதே அளவு. கொழுப்பு சுமார் 23 கிராம், நிரம்பிய கொழுப்பு சுமார் 9 கிராம், சோடியம் 75 மில்லிகிராம் அளவில். தாவர பர்கரில் மொத்தக் கொழுப்புக் குறைவு, கொலஸ்ரோல் அறவே இல்லை. ஆனால் நிரம்பிய கொழுப்பில் வித்தியாசம் சொற்பம், உப்போ பல மடங்கு. பிந்திய செய்முறைகளில் நிரம்பிய கொழுப்பைக் குறைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பணிசிலும் சோசிலும் இருக்கும் உப்பையும் கூட்டினால் ஒரு பர்கரே அதில் பெரும் பங்கை எடுத்துவிடும்.

இதற்கு ஆதரவான ஆய்வு இல்லாமலும் இல்லை. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை எட்டு வாரம் தாவர இறைச்சியும் எட்டு வாரம் விலங்கிறைச்சியும் உண்ணச் செய்து, 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். தாவர இறைச்சி உண்ட காலத்தில் கெட்ட கொலஸ்ரோல் எனப்படும் எல்.டி.எல். குறைந்தது, உடல் எடையும் சற்றுக் குறைந்தது, இரத்த அழுத்தத்தில் மாற்றம் தெரியவில்லை. ஆய்வுக்குப் பணம் பியொண்ட் மீற் நிறுவனத்திடமிருந்து வந்தது. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் 36 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுச் சட்டிக்கு வருவோம். வன்னியில் மேய்ச்சலில் வளர்ந்த நாட்டு மாட்டின் இறைச்சியில் அந்த அமெரிக்க அரைத்த இறைச்சியில் இருக்கும் அளவு கொழுப்புப் பெரும்பாலும் இருப்பதில்லை. வெட்டும்போதே கொழுப்பைக் களைந்து எறிபவர்களும் பலர். ஆனால் அந்தக் கறி இறக்கும் தறுவாயில் அதில் விடப்படும் தேங்காய் முதற்பாலின் கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பே. உங்கள் கணவரின் கொலஸ்ரோலைப் பொறுத்தவரை, இறைச்சித் துண்டுகளைக் குறைத்துவிட்டு முதற்பாலை அப்படியே விடுவது அரைவாசி வேலைதான். இறைச்சியைக் கொழுப்பு நீக்கிச் சமைத்து, முதற்பாலுக்குப் பதிலாக மூன்றாம் பாலில் வேகவைத்து, மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்துப் பொடித்துப் பிரட்டலாக இறக்கினால், கடல் கடந்து வரும் எந்தப் பர்கரையும்விட அது அவருக்கு நன்மை செய்யும் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு இறைச்சி அதிகம் என்பதிலும் வீண் பயம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் சொசேஜஸ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் வரிசையிலும், சாதாரண சிவப்பு இறைச்சியை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் வரிசையிலும் வைத்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தரும் வரம்பு, சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை. வாரத்தில் ஒரு நாள் சில துண்டுகள் உண்பவர் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறார். கிளினிக்கில் உங்கள் கணவருக்குச் சொன்ன அளவு இதைவிடக் குறைவானால், அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்ன அந்த அளவையே பின்பற்றுங்கள்.

இறைச்சியை முற்றாக நிறுத்த முடிவுசெய்தால், விற்றமின் பி12 தாவரத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்திருக்கவேண்டும். இம்பொசிபிள் பர்கரில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் செய்வதில் அதை நம்பமுடியாது. முட்டை, மீன், பால், தயிர் ஆகியவற்றில் ஏதாவது தொடர்ந்து சாப்பிடும் வீட்டில் இது பெரிய சிக்கலில்லை. நந்திக்கடலும் கொக்கிளாயும் பக்கத்தில் இருக்கும்போது மீனுக்குக் குறைவில்லை. இரும்புச்சத்து விடயம் சற்று நுட்பமானது. இறைச்சியிலுள்ள ஹீம் இரும்பை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். பயறு, கௌபி, சோயா ஆகியவற்றின் இரும்பில் சிறு பங்கையே எடுக்கும். அந்தப் பங்கைக் கூட்டத் தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ அதைக் கெடுக்கும். வீட்டில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருந்தால், தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளிவையுங்கள். நம்மவர்கள் இதற்குத்தான் இலகுவில் சம்மதிக்கமாட்டார்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு முக்கிய எச்சரிக்கை. வவுனியாவின் பல கிராமங்களிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததே. அத்தகையவர்களுக்குப் புரதம், உப்பு, பொற்றாசியம், பொசுபரசு எல்லாமே அளந்து கொடுக்கப்படுபவை. சோயாவும் பருப்பு வகைகளும் மரக்கறிதானே என்று தாராளமாகக் கொடுப்பது ஆபத்தாகலாம். கிளினிக்கில் கேட்காமல் அவர்களுடைய கோப்பையில் எதையும் மாற்றவேண்டாம்.

சூழல் பற்றித் தங்கை சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழுவதும் இங்கே பொருந்தாது. 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து ஜோசப் பூர், தோமஸ் நெமெச்செக் ஆகிய இருவரும் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறுவதற்குச் சராசரியாக 50 கிலோகிராம் அளவு, புவியைச் சூடாக்கும் பசுங்கூட வாயு வெளியாகிறது. பட்டாணியில் அது அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தை மறுக்க முடியாது. வன்னியில் மாடு வளர்ப்பது இறைச்சிக்காக மட்டுமன்று. பாலுக்கும் எருவுக்கும் வளர்த்து, அறுவடை முடிந்த வயல்களிலும் பற்றைக் காடுகளிலும் மேய்த்து, பயன் குறைந்த பிறகே விற்கிறார்கள். தீனிப்பயிருக்காகக் காடழிக்கும் பண்ணையின் கணக்கை அந்த மாட்டின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. அதற்காக நம் மாடுகள் மீதேன் விடுவதில்லை என்றும் ஆகாது. எப்படியானாலும், ரொறன்ரோவிலிருந்து உறைநிலையில் விமானத்தில் வரும் ஒரு பைக்கற்றைச் சூழலின் பெயரால் வரவேற்பது பொருத்தமாக இல்லை.

மாமியார் விடயத்தில் பொருளைவிட மனம் முக்கியம். பொருளளவில் இரண்டு பர்கர்களிலும் விலங்கிலிருந்து பெற்ற எதுவும் இல்லை. வேறு நிறுவனங்களின் பைக்கற்றுகளில் முட்டை வெண்கருவோ பாற்பொருளோ இருக்கலாம், பின்பக்கத்தை வாசிக்கவேண்டும். வெளிநாட்டில் கடையில் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: பர்கர் கிங் 2019 இல் அமெரிக்காவில் இம்பொசிபிள் பர்கரை அறிமுகப்படுத்தியபோது, தனியாகச் சமைக்கும்படி கேட்காவிட்டால் மாட்டிறைச்சி வாட்டும் அதே அடுப்பிலேயே அதையும் வாட்டினார்கள். உங்கள் வீட்டிலும் இறைச்சி பொரித்த தாச்சியில் இதைப் பொரித்துவிட்டுச் சைவம் என்று கொடுத்தால் அவர் மனம் நோவது நியாயமே. தனித் தாச்சி வையுங்கள். இது இறைச்சியைப் போலச் செய்த மரக்கறி என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். இரத்தம் போன்ற நிறத்தையும் இறைச்சி மணத்தையும் வாழ்நாள் முழுவதும் ஒதுக்கிய ஒருவருக்கு அவற்றைப் போலியாகத் தருவதில் என்ன இன்பம் இருக்கப்போகிறது? அவரோ தனக்கு உழுந்து வடையே போதும் என்பார்.

வீட்டில் செய்வது பற்றிக் கேட்டீர்கள். நமது கடைகளில் சிறு பைக்கற்றுகளில் தொங்கும் சோயா மீற், அந்தப் பர்கர்களின் மூத்த உறவு. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டோடும் அழுத்தத்தோடும் சிறு துவாரத்தால் தள்ளும்போது அது நார்நாராகப் பொங்கி உறைகிறது. புரதம் கிட்டத்தட்ட அரைவாசி. பிஞ்சுப் பலாக்காயைச் சிலர் இதற்குப் பதிலாகச் சொல்வார்கள். அதில் நார் இருக்கிறது, மென்றால் இறைச்சி போலவும் இருக்கிறது, ஆனால் 100 கிராமில் புரதம் இரண்டு மூன்று கிராமைத் தாண்டாது. காளானும் அப்படித்தான், சுவைக்குச் சேர்க்கலாம், புரதத்துக்கு அதை நம்பமுடியாது.

ஆறு பர்கருக்கு, சுவையூட்டப்படாத சோயா மீற் 100 கிராம், கௌபி 100 கிராம், தோல் நீக்கிய உழுந்து 50 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கௌபியையும் உழுந்தையும் வெவ்வேறாக நாலைந்து மணித்தியாலம் ஊறவிடுங்கள். கௌபியை மலர வேகவிடாமல், விரலால் நசித்தால் நசியும், ஆனால் உருக்குலையாது என்ற பதத்தில் வடித்து, நீர் வற்றும்வரை தட்டில் பரவி ஆறவிடவேண்டும். சோயா மீற்றைக் கொதிநீரில் சிறிது உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்து, வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, ஒவ்வொரு பிடியாக எடுத்துக் கையில் துளி நீரும் சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். சோயாவின் அந்தப் பச்சை வாடை இந்த நீரோடுதான் போகும். பிழிவதில் சோம்பல்பட்டால் பர்கர் தாச்சியில் கஞ்சியாகிவிடும். பிழிந்ததில் பாதியைக் கொரகொரப்பாக அரைத்து, மீதியைக் கத்தியால் கொத்தி வைத்தால், கடிக்கும்போது சீரற்ற ஒரு கடிபாடு கிடைக்கும். எல்லாவற்றையும் மைய அரைத்தால் அது கட்லட்டாகத்தான் இருக்கும்.

மெதைல் செலுலோசின் வேலையை உழுந்து செய்யும். வடை சூட்டில் இறுகி உருவம் நிலைப்பதற்கு உழுந்தின் வழுவழுப்பும் அதன் புரதமுமே காரணம். அதைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மிகக் கெட்டியாக அரைக்கவேண்டும். சிறிதாக வெட்டிய வெங்காயம், உள்ளி, இஞ்சி, மிளகுதூள், வறுத்த பெருஞ்சீரகப் பொடி, துருவிப் பிழிந்த ஒரு கரண்டி பீற்றூட், அரைக் கரண்டி மார்மைட் ஆகியவற்றைச் சேருங்கள். மார்மைட்டும் ஈஸ்ற்றிலிருந்து வருவதே. இறைச்சிச் சாற்றின் ஆழமான சுவையை அது தரும், உப்பும் அதில் மிகுதி, ஆகவே தனியாக உப்புப் போடவேண்டாம். பீற்றூட்டின் சிவப்பு சூட்டில் மங்கிக் கபிலமாக மாறுவதால், வேகும்போது இறைச்சி நிறம் மாறுவதைப் போலவே தோன்றும். ஒடியல் மா சேர்த்தால் இறுகாதா என்று கேட்கலாம். இறுகும், ஆனால் அதன் கசப்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கொழுப்பை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் நமது வெயில் குறுக்கே நிற்கிறது. பர்கரின் சாறு என்பது உள்ளே உறைந்திருக்கும் கொழுப்புத் துணுக்குகள் சூட்டில் உருகுவது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்கு மேல் உறைந்து நிற்காது. வன்னியில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகையைத் தாண்டும். எனவே இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை ஒரு தட்டில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, சுரண்டித் துருவலாக எடுத்து, கடைசி நேரத்தில் விரல் நுனியால் கலந்து, உடனே ஆறு வட்டங்களாகத் தட்டி மறுபடி அரை மணித்தியாலம் குளிரில் வையுங்கள். கொலஸ்ரோல் உள்ளவருக்குச் செய்வதை ஒரு கரண்டி நல்லெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளலாம். சாறு குறையும், நெஞ்சுக்கு நல்லது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் தட்டிய வட்டங்களை இட்டலிச் சட்டியிலோ நீற்றுப்பெட்டியில் வாழையிலை விரித்தோ பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்தால் உழுந்து இறுகிவிடும். பிறகு தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் கருகாமல் முறுகவிட்டால் போதும். அவிக்காமல் நேரே போடுபவர்கள் கல் நன்றாகச் சுட்ட பின்னரே வைக்கவேண்டும், அடிப்பக்கம் தானாகக் கழன்று வரும்வரை புரட்டக்கூடாது.

மேற்சொன்ன அளவில் ஒவ்வொன்றும் 110 கிராம் அளவில் வரும். புரதம் ஏறத்தாழ 14 கிராம். கடைப் பர்கரைவிடக் குறைவுதான், ஆனால் பணிசின் மாப்புரதமும் கௌபி, உழுந்துப் புரதமும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். தேசிக்காய்ப் புளி பிழிந்த வெங்காயச் சம்பலோடு வைத்தால் சோஸ் தேவையில்லை. இறைச்சி மணம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இது ஈடாகாது. பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைகளுக்கு, றோல்ஸ், பற்றிஸ் போன்றவற்றின் இடத்தில் இது நன்றாகப் பொருந்தும். இறைச்சி இல்லாத ஞாயிறு வேண்டுமானால், அதே சோயா மீற்றைப் பிழிந்து, கறுவாவும் றம்பையும் கறிவேப்பிலையும் தாளித்து, வறுத்த கறித்தூளில் பிரட்டலாக வைப்பதே சோற்றுக்குச் சரியாக வரும்.

தங்கை கொண்டுவருவதைப் பொறுத்தவரை, அது உறைநிலையில் விற்கப்படும் அல்லது குளிரில் வைத்திருக்கவேண்டிய பொருள். விமானத்தில் ஒரு நாள், பிறகு கட்டுநாயக்காவிலிருந்து ஏ9 வீதியால் பல மணித்தியாலப் பயணம். வந்து சேரும்போது உருகியிருக்கும். உருகிச் சூடேறியதை மறுபடி உறையவைத்துச் சாப்பிடுவது, இறைச்சியாக இருந்தாலும் தாவரமாக இருந்தாலும் நல்லதன்று. அந்தப் பெட்டியில் வேறேதாவது கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் தட்டிய பர்கரையும், மின்வெட்டு இல்லாமல் பிறீசர் ஒழுங்காக இயங்கினால், வாழையிலைத் துண்டோ எண்ணெய்த் தாளோ இடையில் வைத்து இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கலாம். உருகவிடாமல் அப்படியே கல்லில் போட்டு, தணலைக் குறைத்து மூடி வேகவிடவேண்டும்.